பந்திக்கு வந்த வெளிச்சங்க

“இல்லீங் டாக்டரம்மா, நாங்க சாயமே போடறதில்லீங். வெளிச்சத்துக்கு எங்கீங்க சாயம் புடிக்கும்? நூலுக்குள்ள போறப்ப அவுங்களா மாறிக்கறாங்க. நாங்க வாசல்ல நின்னு வாங்க, போங்கன்னு சொல்றதோட சரி.”

சென்னியப்பன் இதைச் சொல்லிட்டு டாக்டரம்மாவுக்குப் பின்னால பாத்தாரு. ஸ்கூட்டரோட பின் சீட்டுல மூணு வெளிச்சங்க உக்காந்திருந்தாங்க. மூணு பேருமே ஆரஞ்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

“அப்ப இவங்க ஏன் பாதியிலயே நின்னுட்டாங்க?”ன்னு கேட்டாங்க டாக்டர் ஜெசிந்தா. ஊருக்குள்ள இருக்கற பெரிய ஆஸ்பத்திரியில தலைக்கு வைத்தியம் பாக்கறவங்க.

சென்னியப்பன் நடத்தறது வெளிச்சப் பட்டறை. டவுன் பஸ்ஸுல வெளிச்சங்க வந்து எறங்குவாங்க. எல்லாரும் லேசர் மில்லுல பொறந்தவங்க, அதனால எல்லாரும் பச்சை, ஒரே அச்சு, ஒரே நடை. வெளிச்சம்னா வேகம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்திருக்காங்க. வாஸ்தவந்தான். ஆனா டவுன் பஸ்ஸுல ஏறிட்டா டவுன் பஸ் போற வேகந்தான்.

பட்டறைக்குள்ள கண்ணாடி நூலு கோன் கோனா சுத்தியிருக்கும். தலைமுடி தடிமன்தான் இருக்கும். குறுக்க நறுக்கிப் பாத்தா நடுவுல ஒரு சின்னத் திண்டு, அதைச் சுத்தித் தேன்கூடாட்டம் பொத்தல் பொத்தலா இருக்கும். அந்தப் பொத்தலுங்க இருக்கறதாலதான் வெளிச்சம் அக்கட்ட இக்கட்ட ஓடாம நடுவுல நெருக்கியடிச்சுப் போகுது. நெருக்கடியில போறப்பத்தான் குடுக்கல் வாங்கல் நடக்கும். வெளிச்சம் தன்னோட நீலப் பக்கத்துல இருந்து எடுத்துத் தன்னோட செவப்புப் பக்கத்துக்கே குடுக்கும். நடுவுல கண்ணாடிக்கும் ஒரு வாய் குடுக்கும். கண்ணாடி அதை வாங்கிக்கிட்டு லேசா நடுங்கும். இப்படிக் குடுத்துக்கிட்டே போகப் போக பச்சை மஞ்சளாகும், மஞ்சள் ஆரஞ்சாகும், ஆரஞ்சு செவப்பாகும். நூலு இன்னும் மிச்சமிருந்தா செவப்புக்கும் அந்தப் பக்கம் போயிரும். அதுக்கு மேல மனுசக் கண்ணுக்குத் தெரியாது. குடுத்ததைக் கேட்டு வாங்கித் திரும்பப் பச்சையாகி வந்தவங்க இதுவரைக்கும் யாருமில்ல. வெளிய வர்றப்ப கொஞ்சம் மெதுவா நடப்பாங்க, அவ்வளவுதான்.

இதுக்கு முன்னால சென்னியப்பன் பனியன் துணிக்குச் சாயம் போடற எடத்துல மாஸ்டரா இருந்தவரு. அந்தப் பழக்கத்துல இங்கயும் கட்டத்துக்கு ஒரு நெறம் ஒட்டின ஷேடு கார்டு வெச்சிருக்காரு. அதுல கடைசிக் கட்டம் காலியா இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வேண்டியது அந்தக் கட்டந்தான். சரக்கு வந்ததும் வாசல்ல வெயில்ல நிறுத்திப் பாப்பாரு. ஒண்ணுமே தெரியலைன்னா, “ஷேடு சரி”ம்பாரு.

“பச்சை தோலு மேலயே நின்னுரும், மாஸ்டர்,”னாங்க டாக்டரம்மா. “செவப்பு கொஞ்சம் உள்ள போகும். உங்க காலிக் கட்டந்தான் மண்டைக்குள்ள வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும். நேத்து இவங்க மூணு பேரும் உங்க தங்கச்சி நெத்தியில போய் நின்னாங்க. ‘உள்ள வரலாமுங்களா’ன்னு கேட்டாங்க. சரசாள் ‘வாங்க வாங்க’ன்னுதான் சொன்னாங்க. இவங்களால முடியல.”

சரசாள் சென்னியப்பனோட ஒரே தங்கச்சி. எடது கண்ணு பூஞ்சாப்ல மங்கலாத் தெரியுதுன்னு போன வாரம் ஆஸ்பத்திரியில சேந்தா. கண்ணுக்குப் பின்னால உள்ள எதுவோ வந்து உக்காந்திருக்குது. எது, எங்க, எதைப் புடிச்சுக்கிட்டுன்னு தெரியல.

“நாளைக்குக் காலைல ஆபரேஷன். அது இருக்கற எடம் தெரிஞ்சா மூக்கு வழியாவே போய் எடுத்துருவேன். தெரியலைன்னா தெறந்துதான் பாக்கணும். தெறந்து பாத்தா அந்தக் கண்ணு தங்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

சென்னியப்பன் துண்டை எடுத்து இன்னொரு தோள்ல போட்டுக்கிட்டாரு.

“புள்ள எப்படி இருக்கறா?”

“நல்லா பேசறாங்க. வார்டுல ரெண்டு நர்ஸுக்கு வரன் பாத்து வெச்சுட்டாங்க. எனக்கும் பாக்கறதா சொல்லியிருக்காங்க. கல்யாணமாயிருச்சுன்னேன். அதனால என்ன, தெரிஞ்சு வெச்சுக்கங்கன்னாங்க.”

“அவ அப்படித்தானுங்க,”ன்னாரு சென்னியப்பன். சொல்லிக்கிட்டே பட்டறைக்குள்ள போனாரு.

ஒவ்வொரு கோனா கையை வெச்சுப் பாத்தாரு. நூலுல அறுப்பு இல்ல, முடிச்சு இல்ல. காலையில போன வெளிச்சங்க உள்ள போய்க்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா கண்ணாடி நடுங்கல. யாரோ போறாங்க போலன்னு அது பாட்டுக்குச் சும்மா கெடந்துச்சு. இப்படிக் கெடந்தா குடுக்கல் நடக்கலைன்னு அர்த்தம்.

“இன்னொண்ணு மாஸ்டர்,”னு வாசல்ல இருந்து டாக்டரம்மா குரல் குடுத்தாங்க. “முன்னெல்லாம் டிபன் பாக்ஸுல ஒரு டஜன் பேரை வெச்சுக் கொண்டு போவேன். இப்ப மூணு பேரை ஸ்கூட்டர்ல உக்கார வெக்க முடியல. கால் ரோட்டுல இழுத்துக்கிட்டே வந்துச்சு. ஏன் இத்தனை நீளமா இருக்காங்க?”

சென்னியப்பன் வெளிய வந்து மூணு பேரையும் பாத்தாரு. நெசந்தான். சீட்டுல ரெண்டா மடிஞ்சு உக்காந்திருந்தாங்க, அப்பவும் மிச்சம் தொங்குச்சு. குட்டையா, கெட்டியா உள்ள போற வெளிச்சத்துக்குத்தான் குடுக்கற தெம்பு இருக்கும். நீட்டிக்கிட்டுப் போனா அதே தெம்பு அத்தனை நீளத்துக்கும் பரவி, ஒரு எடத்துலயும் கெட்டியா இல்லாமப் போயிரும். கண்ணாடிக்கு அவங்க வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மில்லுல இருந்து குட்டையாத்தான் வர்றாங்க. பஸ் ஸ்டாப்புக்கும் பட்டறைக்கும் நடுவுல இருக்கறது சென்னியப்பனோட வீடு ஒண்ணுதான். வர்றவங்க அங்க ஒரு வாய் சாப்ட்டுட்டுத்தான் பட்டறைக்கு வருவாங்க.

“வாங்க, ஊட்டுக்குப் போலாம்,”னாரு.

வாசப்படியிலயே அவரு சம்சாரம் குருவாத்தா வெரலை ஒதட்டு மேல வெச்சுக்கிட்டு நின்னா.

“மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்தாங்க.”

உள்ள ஜமுக்காளம் விரிச்சிருந்துச்சு, பவானி ஜமுக்காளம், அவங்க கல்யாணத்துக்கு வந்தது. அது மேல வெளிச்சங்க வரிசையாப் படுத்திருந்தாங்க. அரிசிம்பருப்புச் சோறு, நெய், தயிர்னு வயிறு நெறையச் சாப்ட்ட அசதி. ஒவ்வொருத்தரும் இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் நீண்டு கெடந்தாங்க. ஒருத்தருக்குத் தலை தலகாணியில, காலு கிரைண்டருக்கு அடியில. பச்சை வெளுத்துப்போய் கொத்தவரங்கா நெறத்துல இருந்துச்சு.

“எத்தனை நாளா இப்படிப் படுக்க வெக்கற?”ன்னு கேட்டாரு சென்னியப்பன்.

“சரசா ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து. அவளுக்குப் போற வெளிச்சமாச்சே. செத்த நேரம் படுத்து எந்திரிச்சுப் போங்கன்னு சொன்னா என்னங்க தப்பு? வெயில்ல வந்த சனம்.”

சென்னியப்பன் அவளை வெளிய கூட்டிட்டு வந்து, படுத்து நீண்டு போனா குடுக்கற தெம்பு போயிருதுங்கற விசயத்தைச் சொன்னாரு. டாக்டரம்மா நாளைக்கு ஆபரேஷன்ங்கறதையும் சொன்னாங்க. குருவாத்தா கேட்டுக்கிட்டே இருந்தா. அப்பறம் துணி தொவைக்கற கல்லு மேல உக்காந்துட்டா.

“அப்ப நானாங்க கெடுத்தேன்?”

“நீ ஒண்ணுங் கெடுக்கல. நல்லாப் பாத்துக்கிட்ட. அதான்.”

“எனக்கு டைபாய்டு வந்தப்ப சரசா இங்க வந்து மாசக்கணக்கா ஆக்கிப் போட்டாளே, அண்ணிக்காரி என்னை ஒரு டம்ளர் கழுவ உட்டாளா? ‘நங்கையா, நீங்க படுங்க, நீங்க படுங்க’ன்னு அதே பேச்சு. அதுக்குத் திருப்பிச் செய்ய இத்தனை வருசம் கழிச்சு ஒரு வழி கெடைச்சுதுன்னு நெனைச்சேன்.” அவ முந்தானையில மூக்கைத் தொடைச்சா. “சரி, இப்ப என்ன பண்ணோணும்?”

“சாப்ட்டதும் கெளப்பி உட்டரோணும்.”

“தின்ன வாயோடவா?” குருவாத்தா எந்திரிச்சே நின்னுட்டா. “ஊட்டுக்கு வந்தவங்களைக் கையைக் கழுவினதும் போன்னு சொல்றதா? அதைய நீங்களே வந்து சொல்லுங்க. நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிப் பக்கம் போயர்றேன்.”

சென்னியப்பன் யோசிச்சாரு. அவராலயும் சொல்ல முடியாது.

“சோறு போடாம அனுப்பிச்சா?”

“வேண்டாம் மாஸ்டர்,”னாங்க டாக்டரம்மா. “பட்டினியாப் போனா குடுக்கறதுக்கு அவங்ககிட்ட என்ன இருக்கும்?”

“பஸ் வந்துருச்சுன்னு சொல்லிக் கெளப்பலாமா?”

“பஸ் எப்ப வரும்னு உங்களை விட அவங்களுக்குத் தெரியும். அதுலதான வந்தாங்க,”ன்னா குருவாத்தா. “உங்க தங்கச்சி கண்ணுக்குப் பொய் சொல்லி ஒரு வெளிச்சத்தை அனுப்புவீங்களா? அது உள்ள போய் என்னத்தைப் பாத்துட்டு வந்து சொல்லும்?”

மத்தியான பஸ்ஸுல அடுத்த வெளிச்சங்க வந்துருவாங்க. நாளைக்கு முன்னால வர்றதுல அவங்கதான் கடைசி.

குருவாத்தா சட்டுனு நிமிந்தா.

“ஏனுங்க, கல்யாணப் பந்தியில சாப்ட்டுட்டு ஆராச்சும் படுத்திருக்காங்களா?”

“எங்க படுக்கறது? பின்னால அடுத்த பந்திக்காரன் சேரைப் புடிச்சுக்கிட்டு நிப்பானே.”

“அவன் மேல ஆராச்சும் கோவிச்சிருக்காங்களா?”

சென்னியப்பன் எலை வாங்கக் கெளம்பிட்டாரு.

ஒரு மனுசனை வயிறார சாப்பிட வெச்சு, மரியாதை கொறையாம, உடனே எந்திரிக்க வெக்கற எடம் கல்யாணப் பந்தி ஒண்ணுதான். அங்க போன்னு யாரும் சொல்றதில்ல. பின்னால நிக்கறாங்க, அவ்வளவுதான். மத்தியான பஸ் வர்றதுக்குள்ள வீட்டு முன்னால சாமியானா போட்டாச்சு. டேபிள் போட்டு எலை விரிச்சாச்சு. பட்டறை ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டாச்சு. எதுத்த வீட்டு ராக்கியாத்தா, எதுக்கும் இருக்கட்டும்னு பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்துட்டா. யாருக்குக் கல்யாணம்னு அவ கேக்கல. பந்தியில பொண்ணு மாப்பிள்ளை யாருன்னு யாரும் கேக்கறதில்ல.

பஸ் வந்துச்சு. பச்சைப் பச்சையா எறங்கினாங்க. குருவாத்தா ஓடிப்போய், “வாங்க, வாங்க. பந்தி ஆரம்பிக்கப் போகுது, உக்காருங்க,”ன்னு கையைப் புடிக்காத கொறையாக் கூட்டிட்டு வந்தா.

வெளிச்சங்க உக்காந்ததும் ஒவ்வொரு சேருக்குப் பின்னாலயும் ஒருத்தர் போய் நின்னாங்க. மொதல் சேருக்குப் பின்னால டாக்டரம்மா வெள்ளைக் கோட்டோட நின்னாங்க. ஆரஞ்சு மூணு பேரும் ஆளுக்கொரு சேரைப் புடிச்சாங்க. டாக்டரம்மாவுக்கு இந்த வேலை புதுசு, சும்மா நின்னாங்க. ராக்கியாத்தாதான் சொல்லிக்குடுத்தா.

“அப்படி வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னா ஆருங்க எந்திரிப்பா? எலையைப் பாருங்க. ரசம் வர்றப்ப சேரு மேல கையை வெச்சிரோணும். மோரு வர்றப்ப செத்த இருமோணும்.”

டாக்டரம்மா இருமினாங்க.

“இப்ப வேண்டாம் கண்ணு, இப்பத்தான் பருப்பு வந்திருக்குது.”

வெளிச்சங்க சாப்பிட்டாங்க. பின்னால ஆள் நிக்கறது தெரிஞ்சதும் மொழங்கையை ஒடுக்கினாங்க. தோளைக் குறுக்கினாங்க. குருவாத்தா நெய்யை ஊத்திக்கிட்டே போனா, அவங்க ஒடுங்கிக்கிட்டே போனாங்க. பாயசம் வர்றப்ப ஒவ்வொருத்தரும் கட்டை வெரல் அளவு. கெட்டிப் பச்சை, நேராப் பாத்தா கண்ணு கூசுச்சு. எலையை மூடினாங்க, கையைக் கழுவினாங்க, ஆளுக்கொரு வெத்தலையை எடுத்துக்கிட்டு நேரா நூலு வாய்க்கு நடந்தாங்க. யாரும் உக்கார எடம் தேடல.

நூலு வாய்கிட்ட குருவாத்தா கை கூப்பிக்கிட்டு நின்னா.

“ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. படுக்கச் சொல்ல முடியாமப் போச்சு. போற எடத்துல எங்க நாத்தனா இருக்கறா. நல்லவ. கொஞ்சம் பாத்துட்டு வந்து சொல்லிருங்க.”

ஒருத்தர் பின்னால ஒருத்தரா உள்ள போனாங்க.

மொதல் கோன் நடுங்குச்சு. அப்பறம் அடுத்தது. அப்பறம் பட்டறை முழுக்க. தகரக் கூரை படபடன்னு அடிச்சுக்குச்சு, ஜன்னல்ல வெச்சிருந்த டீ கிளாஸ் ஒண்ணு நகந்து நகந்து ஓரத்துக்கு வந்து நின்னுச்சு. சென்னியப்பன் ஒரு கோன் மேல உள்ளங்கையை வெச்சாரு. இத்தனை நாள் பட்டினி கெடந்த கண்ணாடிக்கு மொதல் வாய் கெடைச்சிருக்குது. அது வாங்கிக்கிட்டு நடுங்கினது அவரு தோள்பட்டை வரைக்கும் ஏறுச்சு. கையை எடுக்க மனசு வராம அப்படியே நின்னாரு.

நூலோட கடைசி முனைக்குப் போய் வெயில்ல நின்னு பாத்தாரு. ஒண்ணுமே தெரியல. ஷேடு கார்டை எடுத்துக் காலிக் கட்டத்தைப் பக்கத்துல வெச்சாரு. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு.

“ஷேடு சரிங்க.”

“எல்லாரும் வந்தாச்சா?”ன்னு டாக்டரம்மா ஸ்கூட்டரைக் கெளப்பினாங்க.

“செத்த பொறுங்க. நெறையாக் குடுத்தவங்க பின்னாலதான் வருவாங்க.”

காத்திருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்கூட்டரோட பின் சீட்டு லேசா அமுங்குச்சு. இன்னும் கொஞ்சம் அமுங்குச்சு. “நல்லாப் புடிச்சுக்கங்க, வழியில ஸ்பீடு பிரேக்கர் இருக்கு,”ன்னு பின்னால பாத்துச் சொல்லிட்டு டாக்டரம்மா போனாங்க. ஆரஞ்சு மூணு பேரும் அதுக்குமேல மாற முடியாதுன்னதால, நாற்சந்தி சிக்னலுக்குப் போனாங்க. அங்க எப்பவும் ஆள் பத்தறதில்ல.

அடுத்த நாள் காலையில சென்னியப்பனும் குருவாத்தாவும் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னாங்க. அவ சேலை நுனியை முறுக்கறதும் பிரிக்கறதுமா இருந்தா. அவரு செவுத்துல இருந்த பெயிண்ட்டைப் பாத்து, இந்தப் பச்சை ரெண்டு லாட்டுல கலக்கினது, ஷேடு சேரலைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தாரு.

கதவு தெறந்துச்சு. டாக்டரம்மா மாஸ்க்கை எறக்கினாங்க.

“மூக்கு வழியாவே எடுத்துட்டேன், மாஸ்டர். புளியங்கொட்டை அளவு. நரம்பைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு, புடிச்சுக்கல. வெளிச்சங்க வந்து எந்த எடத்தைச் சொன்னாங்களோ அதே எடம். கண்ணு பத்திரம்.”

குருவாத்தா அங்கயே செவுத்துல சாஞ்சு அழுதா. அப்பறம், “உள்ள போய்ப் பாக்கலாமுங்களா?”ன்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்கு முன்னாலயே வார்டுப் பக்கம் போயிட்டா.

சென்னியப்பன் டாக்டரம்மாவைப் பாத்துக் கையெடுத்தாரு.

“எனக்கு அப்பறம் சொல்லுங்க,”ன்னாங்க அவங்க. “மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. போய்ட்டு வந்ததும் வராந்தா பெஞ்சுல உக்காரச் சொல்லியிருக்கேன்.”

வராந்தாவுல நீளமா ஒரு பெஞ்சு. ஒரு ஓரத்துல கையில கட்டுப் போட்ட ஒருத்தர் உக்காந்திருந்தாரு. மிச்சமெல்லாம் காலி. சென்னியப்பன் அந்தக் காலி எடத்துக்கு முன்னால போய் நின்னாரு.

அவரு ஊர்ல நன்றின்னு யாரும் வாயால சொல்றதில்ல. அது மேடையில மைக்கைப் புடிச்சுக்கிட்டுச் சொல்ற வார்த்தை. வீட்டுல சாப்ட்டீங்களான்னு கேப்பாங்க, அதுல எல்லாம் வந்துரும்.

“சாப்ட்டீங்களா?”ன்னு கேட்டாரு.

“அவங்க அந்தக் கடைசியில இருக்காங்கங்க,”ன்னாரு கட்டுக்காரரு. “நாந்தான் நகந்து எடம் குடுத்தேன்.”

சென்னியப்பன் ரெண்டு எட்டு தள்ளி நின்னாரு.

“சாப்ட்டீங்களா? அது என்ற தங்கச்சிங்க. எங்கப்பன் ஆத்தா போனதுக்கப்பறம் எனக்கு அவ, அவளுக்கு நான், அவ்வளவுதான். சின்னப்புள்ளையில சாயப்பட்டறைக்கு எனக்குச் சோறு கொண்டாருவா. வாசல்ல நின்னுக்கிட்டு, ‘அண்ணா, இன்னைக்கு என்ன கலரு?’ன்னு கத்துவா. அந்தக் கண்ணு பத்திரமா இருக்குதுன்னாங்க.” துண்டால மூஞ்சியை அழுத்தித் தொடைச்சாரு. “நீங்க வந்தப்ப என்ன கலருன்னு எனக்குத் தெரியும். பஸ்ஸுல இருந்து எறங்கறப்ப நான் பாத்தேன். அத்தனையையும் வழியில குடுத்துப்போட்டுத்தான் அவகிட்டப் போனீங்க. அதைய நான் மறக்க மாட்டேனுங்க.”

பெஞ்சோட அந்தக் கடைசி கொஞ்சம் வெதுவெதுன்னு இருந்துச்சு. அது மேல கையை வெச்சாரு. கட்டுக்காரரு இன்னும் கொஞ்சம் நகந்து, இவரும் உக்காரட்டும்னு எடம் விட்டாரு. சென்னியப்பன் உக்காரப் போனாரு.

“ஏனுங்க!” வார்டு வாசல்ல இருந்து குருவாத்தா கூப்பிட்டா. “இங்க வாங்க. சரசா முழிச்சுட்டா.”

“வர்றேன்.”

“சீக்கிரம் வாங்க. உள்ள போனதுல ஒருத்தரு மட்டும் இன்னும் அவ தலைக்குள்ளயே நிக்கறாராம். சாப்பாடு போட்டவங்ககிட்டச் சொல்லாமப் போறது மொறையில்லைங்கறாராம். எங்கிட்டச் சொல்லிட்டாரு. உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் கெளம்புவாராம்.”

சென்னியப்பன் பெஞ்சைப் பாத்து, “செத்த இருங்க, வந்தர்றேன்,”னாரு. மடிச்சுக் கட்டியிருந்த வேட்டியை எறக்கி விட்டுக்கிட்டு வார்டுக்குள்ள போனாரு.